கொழும்பு வீட்டுக் குழாய் வேலைக்கு எந்தப் பிளையர்?

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில், கீழ்வீட்டு அன்ரியின் சமையலறை டெப் ஒரு போயா நாள் காலையில் கசியத் தொடங்கியது. போயா விடுமுறையில் பிளம்பர் அகப்படமாட்டார். என்னிடம் 12 அங்குல வாட்டர் பம்ப் பிளையர் (வாயின் அகலத்தை மாற்றக்கூடிய நீளப்பிடிப் பிளையர்) ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன். டெப்பைக் கழற்றி, மரையில் ஒட்டியிருந்த பழைய நாடாவைச் சுரண்டி, புது த்ரெட் டேப் சுற்றித் திரும்பப் பூட்டினேன். கசிவு நின்றுவிட்டது. "தம்பி, டெப்பின்ர வாய் கொஞ்சம் சரிஞ்சு நிக்குது, நேராக்கி விடுங்கோ" என்றார் அன்ரி. இன்னும் கால் சுற்றுத்தான் வேண்டியிருந்தது. அந்த நீளமான பிடியில் அதற்குப் பெரிய பலம் தேவைப்படவில்லை. சுவருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

டைலுக்குப் பின்னால், டெப் பூட்டும் பிவிசி சொக்கெட் பிளந்துவிட்டது. மூன்று டைல்களை உடைத்துத்தான் அதை மாற்ற முடிந்தது. இரண்டு நாள் அந்தச் சமையலறைக்குத் தண்ணீர் இல்லை. அன்ரி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் மனம் உறுத்துகிறது.

கடையில் பிளையரைக் கையில் எடுத்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி "இது நல்லா இறுக்குமா?" என்பதுதான். நம் வீட்டுச் சுவர்களுக்குள் இருப்பதைப் பார்த்தால், அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: இது வழுக்காமல் பிடிக்குமா, நான் போடும் பலம் எவ்வளவு என்று கைக்குத் தெரியுமா? கீழே வரும் ஒப்பீடு முழுவதையும் இந்தக் கேள்வியை வைத்தே செய்திருக்கிறேன்.

முதலில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் ஜீஐ குழாய்கள் உண்டு. துத்தநாகம் பூசிய இரும்பு அது. துருவேறி, மரை இறுகி, அசைக்கவே முடியாமல் கிடக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடி வீடுகளில் பெரும்பாலும் பிவிசிதான். கம் பூசி ஒட்டிய குழாயின் முடிவில் ஒரு ஃபோசெட் சொக்கெட், அதன் உட்பக்கத்து மரையில் பித்தளை டெப். பித்தளைக்கு ஒன்றும் ஆகாது, உடைவது பிளாஸ்டிக்தான். நாடாவை அளவுக்கு மீறிச் சுற்றிப் பூட்டினால் டெப்பின் மரை ஆப்பு மாதிரி உள்ளே இறங்கிச் சொக்கெட்டை விரிக்கும். அதற்கு மேல் நீளமான பிடியால் ஒரு இழுப்பு இழுத்தால் கதை முடிந்தது. (புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இடையில் ஒரு சொல்: டெப் வரும் இடங்களில் உள்ளே பித்தளை மரை வைத்த சொக்கெட்டைப் போடச் சொல்லுங்கள். விலை வித்தியாசம் டைல் உடைக்கும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.)

சரி, இப்போது பிளையர்கள்.

மிக எளியது, நடு ஆணி இரண்டு துளைகளுக்கிடையே நகரும் சிறிய ஸ்லிப் பிளையர். சின்னது, பெரியது என்று இரண்டே அளவுகள்தான். குழாய் வேலைக்கு இதை வாங்க வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கம்பி வளைக்கவும் ஆணி பிடிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிப் பிளையர் அடுத்தது. பின்பக்கத்துத் திருகைச் சரிசெய்து அழுத்தினால் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்லியம் பீட்டர்சன் என்ற கொல்லர் உருவாக்கிய வடிவம் அது. பூட்டும் பிடிக்கு அவர் 1924இல் காப்புரிமை பெற்றார். தலை மழுங்கிய நட்டைக் கழற்ற இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் ஒரே இடத்தில் முழுப் பலத்தோடு கடிப்பதால் பிவிசியை நசுக்கிவிடும், குரோம் பூச்சைக் கிழித்துவிடும். கூடுதல் கருவியாக இருக்கலாம், முதல் கருவியாக வேண்டாம்.

பைப் ரென்ச்சுக்கு நம் ஊரில் மதிப்பு அதிகம். பிளம்பர் தோளில் அதைப் போட்டுக்கொண்டு வந்தால்தான் வேலை தெரிந்தவர் என்று நம்புகிறோம். உருண்டையான ஜீஐ குழாயைத் திருப்ப அதுதான் சரியான கருவி, திருப்பத் திருப்பப் பல் இன்னும் ஆழமாக இறங்கும். அந்த ஆழம்தான் பிவிசிக்கும் குரோமுக்கும் எமன். உங்கள் வீட்டில் ஜீஐ குழாய் இருந்தால் 14 அங்குல ரென்ச் ஒன்று இருக்கட்டும். இல்லையென்றால் அந்தப் பணத்தை வேறொன்றுக்கு வைத்திருங்கள்.

மிஞ்சுவது வாட்டர் பம்ப் பிளையர்தான். பழைய மோட்டார் வாகனங்களில் தண்ணீர்ப் பம்பின் நட்டை இறுக்கப் பயன்பட்டதால் வந்த பெயர் அது. கடையில் ஒரே பெயரில் கேட்டாலும், உள்ளே மூன்று வகை உண்டு. வாங்குகிறவர் குழம்புவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

முதல் வகையில் நீளமான ஒரு துளைக்குள் ஆணி நகர்ந்து, துளையின் ஓரத்திலுள்ள பல்வெட்டில் உட்காரும். விலை குறைவு. புதிதாக இருக்கும்போது நன்றாகவே வேலை செய்யும். நாளாக நாளாகப் பல்வெட்டின் முனைகள் தேயும். பாதி இறுக்கும்போது ஆணி அடுத்த வெட்டுக்குத் தாவிவிடும், பிடித்திருக்கும் கை நேராகச் சுவரில் போய் மோதும். விரல் மூட்டில் தோல் போனவர்கள் பெரும்பாலும் இந்த வகையை வைத்திருந்தவர்களாகவே இருப்பார்கள்.

இரண்டாவது வகையில் ஒரு தாடையில் வில் போல வளைந்த பள்ளங்கள், மற்றதில் அந்தப் பள்ளத்தில் உட்காரும் நாக்கு. பலத்தை ஆணி தாங்குவதில்லை, பள்ளமும் நாக்கும் சேர்ந்து தாங்கும். பென்சில்வேனியாவின் மீட்வில் ஊரில் இருந்த ஒரு நிறுவனத்தில் 1933இல் ஹோவர்ட் மேனிங் என்ற பொறியியலாளர் இதை உருவாக்கினார், அடுத்த வருடம் காப்புரிமை கிடைத்தது. 'சானல்லொக்' என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது. அது அவ்வளவு பிரபலமாகி, 1963இல் நிறுவனமே தன் பெயரை அப்படி மாற்றிக்கொண்டது. நீலப் பிடி போட்ட பிளையர் என்றால் பலருக்கும் தெரியும். அதே வடிவத்தை இன்று இந்தியாவிலும் சீனாவிலும் எத்தனையோ பேர் செய்கிறார்கள், எல்லா விலையிலும் கிடைக்கிறது. நகரும் பாகங்கள் குறைவு, மண் போனாலும் கழுவினால் சரி. அளவு மாற்றப் பிளையரை அகல விரிக்க வேண்டும், ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கொஞ்சம் பெரியது. இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் விழும் நட்டு ஒன்று வந்தால், பிடிகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியோ அகன்றோ நிற்கும், கையின் பலம் சரியாகப் போகாது.

மூன்றாவது, பொத்தான் வகை. ஒரு தாடை மற்றதன் நடுவால் புகுந்து போகும், அதனால் இரண்டு பக்கமும் அணைப்பு உண்டு, ஆடாது. பொத்தானை அழுத்தி, மேல் தாடையைக் குழாயில் வைத்து, கீழ்த்தாடையைத் தள்ளினால் அளவு அங்கேயே பூட்டிக்கொள்ளும். ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் 1882இல் தொடங்கிய நிப்பெக்ஸ் நிறுவனத்தின் 'கோப்ரா' இதில் பேர் பெற்றது. 10 அங்குலத்தில் இருபதுக்கு மேற்பட்ட அளவு நிலைகள், பற்கள் ஏறத்தாழ 61 ராக்வெல் (உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் அளவீடு) கடினம். எந்த நட்டுக்கும் பிடிகள் கைக்கு ஏற்ற ஒரே அகலத்தில் நிற்கும். நான் மேலே கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. கை வசதியாக இருக்கும்போதுதான் எவ்வளவு பலம் போடுகிறோம் என்பது தெரியும். சிங்க் அடியில் தலையை விட்டு, ஒரு கையால் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அளவு மாற்றிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

இதன் குறை விலைதான். நல்ல பள்ள வகையின் விலையைவிடப் பல மடங்கு. அதே வடிவத்தில் மலிவாக வருபவற்றில் பொத்தானின் சுருள் நலிவாக இருக்கும். சிறிது காலத்தில் பொத்தான் உள்ளே சிக்கும், அல்லது அழுத்தாமலே நழுவும். அதனால் என் முடிவு இது: பணம் இருந்தால் பொத்தான் வகையில் உண்மையிலேயே நல்லதை வாங்குங்கள். இல்லையென்றால் மலிவான பொத்தான் வகையைத் தொடாமல், நடுத்தர விலையில் நல்ல பள்ள வகை ஒன்றை வாங்குங்கள். மலிவு விலையில் எளிய வடிவம்தான் ஒழுங்காக உழைக்கும். அன்ரி வீட்டுக்குப் பிறகு நான் வாங்கியது 10 அங்குலப் பள்ள வகை. பொத்தான் வகையை அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் வாங்கினேன்.

இவை மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. பற்கள் ஒரு திசைக்கே சாய்ந்திருக்கும். சரியான பக்கம் இழுத்தால் பிடியை அதிகம் அழுத்தாமலே குழாயைக் கவ்வும், மறுபக்கம் இழுத்தால் வழுக்கும். வழுக்கினால் இன்னும் அழுத்தாதீர்கள், பிளையரைப் புரட்டிப் பிடியுங்கள். பிளையர் சரியில்லை என்று குறைப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் புரட்டலே போதும் என்பது என் நம்பிக்கை.

குரோம் பூசிய நட்டுக்கு மேலே சொன்ன எதுவும் சரிவராது. பல் பட்டால் தடம் விழும், தடம் விழுந்த இடத்தில் கடற்காற்று பச்சையாகப் பூக்கும். அதற்கு வழவழப்பான தாடை வேண்டும். நிப்பெக்ஸ் செய்யும் பிளையர் ரென்ச் என்ற வகையில் தாடைகள் எப்போதும் இணையாகவே நகரும், கை அழுத்தத்தைப் பத்து மடங்காக்கும், பூச்சில் கீறல் விழாது. அருமையான கருவி. ஆனால் வீட்டுக்கு 10 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பனர் ஒன்று இருந்தால் அதே வேலை முக்கால்வாசி ஆகிவிடும். இரண்டாவது கருவி எதுவென்று கேட்டால் தயங்காமல் ஸ்பனர் என்பேன். இரண்டு கருவி எப்படியும் வேண்டும்: ஒன்றால் சொக்கெட்டை அல்லது வால்வின் உடலை அசையாமல் பிடித்து, மற்றதால் நட்டைத் திருப்ப வேண்டும். அப்படிப் பிடிக்காமல் திருப்பினால் முறுக்கு முழுவதும் சுவருக்குள் இருக்கும் குழாய்க்குத்தான் போகும்.

எத்தனை அங்குலம்?

ஒரே கை, ஒரே பலம். 12 அங்குலப் பிடியின் நுனியில் இழுத்தால், 7 அங்குலத்தில் இழுப்பதைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு திருப்புவிசை போகும். அன்ரி வீட்டுச் சொக்கெட்டைப் பிளந்தது அந்த வித்தியாசம்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. குழாயின் அங்குலம் அளவுகோலின் அங்குலம் அல்ல. 'அரை அங்குல' ஜீஐ குழாயின் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர், 'முக்கால்' 26.9, 'ஒன்று' 33.7, 'இரண்டு' 60.3. நம் ஊர் பிவிசியில் அரை அங்குலம் 20 மில்லிமீட்டர், முக்கால் 25, ஒன்று 32. பிளையரின் அட்டையில் "2 அங்குலம் வரை" என்று இருந்தால் வாய் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் திறக்கும் என்று பொருள். 2 அங்குல ஜீஐ குழாய் அதற்குள் போகாது. வீட்டு டெப், ஃபிளெக்சிபிள் ஹோஸ், சிஸ்டன் வால்வ், பேசின் அடியில் இருக்கும் பொட்டில் ட்ராப் எல்லாமே 10 அங்குலப் பிளையரின் வாய்க்குள் அடங்கும். பேசினுக்குப் பின்னால், கொமட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையாத இடங்களுக்கு 7 அங்குலம் வசதி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 10. பம்ப் பூட்டுவது, தண்ணீர்த் தாங்கியின் பெரிய யூனியன் (இரண்டு குழாய்களைச் சேர்க்கும் இணைப்பு) கழற்றுவது போன்ற வேலை செய்கிறவருக்கு மட்டும் 12.

ஹோஸ் நட்டுக்குள் ரப்பர் வளையம் இருக்கும். கையால் இறுகும் வரை திருப்பி, பிறகு பிளையரால் கால் சுற்று போதும். பொட்டில் ட்ராப்பின் பிளாஸ்டிக் நட்டுக்குக் கை மட்டுமே போதும். நீர் வழங்கல் சபையின் மீட்டரில் எந்தப் பிளையரையும் வைக்க வேண்டாம். மீட்டர் சபையின் சொத்து, அதில் கசிவு என்றால் அவர்களுக்கே அறிவியுங்கள்.

கடையில் எப்படிப் பார்ப்பது

கருவிக் கடைகள் உள்ள பழைய சோனகத் தெருவுக்கோ குவாரி வீதிக்கோ போகும்போது சட்டைப் பையில் ஒரு அரை அங்குலமும் ஒரு முக்கால் அங்குலமுமாக இரண்டு ஜீஐ நிப்பிள் (மரை வெட்டிய சிறு குழாய்த் துண்டு) கொண்டுபோங்கள். நான் வழக்கமாகப் போகும் கடையில் "நானா, பத்து இஞ்சி வாட்டர் பம்ப் பிளையர் ரெண்டு மூண்டு காட்டுங்க" என்றால், "வீட்டு வேலைக்கா தம்பி, கொன்ட்ரெக்ட் வேலைக்கா?" என்று திருப்பிக் கேட்பார். நல்ல கடைக்காரர் அப்படித்தான் கேட்பார். நிப்பிளை வாயில் வைத்து, பிடியை லேசாக மட்டும் அழுத்தி, மறு கையால் நிப்பிளைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் கல் மாதிரி நிற்க வேண்டும்.

பிறகு வாயை மூடி வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். தாடைகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று விலகி நின்றால் வைத்துவிடுங்கள். மூட்டைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், புதிதிலேயே ஆடும் பிளையர் பழையதானால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிடிகளை முழுதாக மூடும்போது நடுவில் விரல் போகும் இடைவெளி மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சவில்லையென்றால் வழுக்கும் நாளில் உள்ளங்கை நசுங்கும். கடைசியாகப் பல்லில் கட்டியாகப் பெயின்ட் இருந்தால், அதன் கீழே வெட்டு கூர்மையாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பஞ்சிகாவத்தையில் பழைய ஜெர்மன், அமெரிக்கப் பிளையர் அகப்பட்டாலும் இதே சோதனைகள்தான். மேலே துரு இருப்பது பரவாயில்லை, மூட்டுத் தேய்ந்ததை ஒன்றும் செய்ய முடியாது.

பிளாஸ்டிக் உறை போட்ட பிடி கைக்கு வசதிக்காக மட்டுமே. மின்சாரத்துக்குப் பாதுகாப்பு அல்ல, 1000 வோல்ட் முத்திரை இருந்தால் மட்டும் அது வேறு. குளியலறை ஹீட்டரின் குழாயில் கை வைப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

கடற்காற்றில் வைத்திருப்பது

காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் வசிக்கிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜன்னல் கொளுக்கி, ஏசியின் வெளிப்பெட்டி, சைக்கிள் சங்கிலி, எதுவும் தப்புவதில்லை. காற்றில் வரும் உப்பு இரும்பின்மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. ஈரத்தோடு சிங்க் அடியில் எறிந்த பிளையர் ஒரே வாரத்தில் செம்மண் நிறமாகிவிடும்.

நான் செய்வது இதுதான். வேலை முடிந்ததும் பழைய பல் துலக்கியால் பற்களுக்கிடையில் சிக்கிய நாடா, கம், சீமெந்துத் தூள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். பல்லில் நாடா நிரம்பியிருந்தால் எவ்வளவு விலை கொடுத்த பிளையரும் வழுக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாடியின் கீழ் வைப்பேன். பிறகு மூட்டிலும் பொத்தானிலும் ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய். நான்கைந்து தரம் திறந்து மூடி, எண்ணெய்த் துணியால் உடலையும் ஒருமுறை துடைத்துவிடுவேன். பல்லின்மேல் எண்ணெய் தங்க விடக்கூடாது.

சமையலறையில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் போடுகிறவர்கள் நிறைய. வேண்டாம். அது நாளாகக் கெட்டுப் பிசுபிசுத்து, தூசியைச் சேர்த்து மூட்டை ஒட்ட வைத்துவிடும். டபிள்யூடி-40 என்ற பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது: நீரை விலக்கும் நாற்பதாவது கலவை. ஈரத்தைத் தள்ளவும் துருவை இளக்கவும் நல்லது, ஆனால் அது விடும் படலம் மெல்லியது. அதன் பின்னும் எண்ணெய் போடுங்கள்.

துரு பிடித்துவிட்டால் தலையை மட்டும் வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, சோடா மா கரைத்த தண்ணீரில் கழுவிக் காயவைத்து எண்ணெய் போடலாம். குரோம் பூசிய பிளையரை இப்படி ஊறவைக்காதீர்கள், பூச்சு உரியலாம். இறுகிய நட்டோடு சேர்த்துப் பிளையரையும் நெருப்பில் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடினப்படுத்திய பல் சூட்டில் மென்மையாகிவிடும், பிறகு அது திரும்பாது. பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்குவதும், பிளையரால் ஆணி அடிப்பதும் அதே கணக்கில்தான் சேரும். நாக்கு உட்காரும் பள்ளத்தின் விளிம்பு ஒருமுறை உருண்டுவிட்டால் அந்த அளவில் இனி நிற்காது.

அன்ரி வீட்டில் நான் பயன்படுத்திய 12 அங்குலம் இப்போது பல் மழுங்கிவிட்டது. மூட்டு மட்டும் இன்னும் ஆடாமல் உறுதியாக இருக்கிறது. அதனால் இரண்டு தாடைக்கும் சைக்கிள் டியூப் துண்டு சுற்றி வைத்திருக்கிறேன். பெரிய பிளாஸ்டிக் நட்டுகளைத் தடம் விழாமல் கழற்ற அது நன்றாக உதவுகிறது. இறுக்குவதற்கு மட்டும் அதை எடுப்பதில்லை.